லைசென்ஸ் போன பிறகும் நிற்காத துப்பாக்கி விற்பனை

அமெரிக்காவில் துப்பாக்கிக் கடை வைத்திருக்கும் ஒருவருடைய லைசென்ஸை அரசு ரத்து செய்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு அவர் கடையில் 500 துப்பாக்கிகள் இருக்கின்றன. அவற்றை என்ன செய்வார்? அதிகாரிகள் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள், இல்லையென்றால் கடைக்குச் சீல் வைப்பார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி நடப்பதில்லை. அந்தத் துப்பாக்கிகள் அவருடைய சொத்து, அவரிடமே இருக்கும். இருப்பது மட்டுமில்லை, பல பத்தாண்டுகளாக அவர் அவற்றை விற்கவும் முடிந்தது, அதுவும் லைசென்ஸ் இருந்த காலத்தில் கட்டாயம் செய்ய வேண்டியிருந்த சோதனை எதுவும் செய்யாமல்.

இதை அங்கே ‘ஃபயர் சேல்’ ஓட்டை என்கிறார்கள். தீப்பிடித்த கடையில் மிஞ்சிய சரக்கை வந்த விலைக்குத் தள்ளிவிடுவதற்கு வந்த பெயர் அது; கடையை மூடப்போகிறவர் அவசரமாக இருப்பைக் காலி செய்வதையும் அப்படியே சொல்வார்கள். எப்படி இப்படி ஒரு ஓட்டை வந்தது என்று புரிய வேண்டுமானால், அந்த லைசென்ஸ் கடைக்காரரை எதற்கெல்லாம் கட்டிப்போடுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

1963-இல் ஜனாதிபதி கென்னடியைச் சுட்ட துப்பாக்கி தபாலில் வந்தது. பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து, சிகாகோவிலிருந்த ஒரு கடைக்குப் பொய்ப் பெயரில் எழுதிப்போட்டு, குறிபார்க்கும் தொலைநோக்கியோடு சேர்த்து 20 டாலருக்கும் குறைவான விலையில் அவரைச் சுட்ட ஓஸ்வால்ட் அதை வரவழைத்தார். அதற்குப் பிறகும் சட்டம் வர ஐந்து வருடம் ஆனது. 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங், ஜூனில் ஜனாதிபதி கென்னடியின் தம்பி ராபர்ட் கென்னடி என்று அடுத்தடுத்து இருவர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் அந்த அக்டோபரில் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்துப் போட்டார். இன்றைக்கும் நடைமுறையில் இருக்கும் லைசென்ஸ் முறைக்கு அடிப்படை அதுதான். துப்பாக்கி விற்பதைத் தொழிலாகச் செய்கிறவர் மத்திய அரசிடம் லைசென்ஸ் எடுக்க வேண்டும், சரக்கு எங்கிருந்து வந்தது, யார் கைக்குப் போனது என்று ஒன்று விடாமல் எழுதி வைக்க வேண்டும். இதைக் கவனிப்பது ஏடிஎஃப், அதாவது மது, புகையிலை, துப்பாக்கி, வெடிபொருள் இவற்றுக்கான மத்திய அமைப்பு. லைசென்ஸ் கட்டணம் ஒன்றும் பெரிதில்லை: முதல் மூன்று வருடத்துக்கு 200 டாலர், அப்புறம் மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க 90 டாலர்.

வாங்குகிறவர் யார் என்று கணினியில் சரிபார்க்கும் வழக்கம் பின்னால் வந்தது. 1981-இல் ஜனாதிபதி ரீகனைக் கொல்ல முயன்றபோது அவருடைய பத்திரிகைச் செயலாளர் ஜேம்ஸ் பிரேடியின் தலையில் குண்டு பாய்ந்தது. அவர் பெயரிலேயே 1993-இல் ஒரு சட்டம் வந்து, 1998 நவம்பரிலிருந்து எஃப்பிஐ நடத்தும் உடனடிச் சோதனை முறை நடைமுறைக்கு வந்தது.

கடைக்குள் இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். வாங்க வந்தவர் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் ஒரு கைத்துப்பாக்கியைக் காட்டுகிறார். கடைக்காரர் எடுத்து, உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்துவிட்டுக் கையில் கொடுக்கிறார். பிடித்திருக்கிறது என்றதும் 4473 என்று எண்ணிட்ட படிவம் மேசைக்கு வருகிறது. பெயர், முகவரி, பிறந்த தேதி, அப்புறம் வரிசையாகக் கேள்விகள்: இந்தத் துப்பாக்கி உங்களுக்குத்தானா, பெரிய குற்றத்தில் தண்டனை பெற்றிருக்கிறீர்களா, குடும்ப வன்முறை வழக்கில் தண்டனை உண்டா, உங்கள் மேல் நீதிமன்றத்தின் தடை உத்தரவு இருக்கிறதா. ஆம், இல்லை என்று பேனாவால் குறித்துக் கையெழுத்துப் போட வேண்டும், பொய் சொன்னால் அதுவே குற்றம். கடைக்காரர் போட்டோ அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுப் போனில் அல்லது கணினியில் கேட்கிறார், பெரும்பாலும் சில நிமிடங்களில் கொடுக்கலாம், பொறுங்கள், கூடாது என்று மூன்றில் ஒரு பதில் வருகிறது. கொடுக்கலாம் என்றால் பெரிய பதிவேட்டை எடுத்து, அந்த சீரியல் எண் இருக்கும் வரியில், இடது பக்கம் எந்த மொத்த வியாபாரியிடமிருந்து வந்தது என்று ஏற்கெனவே எழுதியிருப்பதற்கு நேராக, வலது பக்கம் வாங்கியவர் பெயரை எழுதி முடிக்கிறார்.

இத்தனையும் யாருக்குக் கட்டாயம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. படிவம், போன், பதிவேடு மூன்றும் லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு மட்டும்தான். நீங்கள் ஒரு சாதாரண ஆள், உங்களிடம் பழைய துப்பாக்கி ஒன்று இருக்கிறது, அதே மாநிலத்தில் இருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கு விற்கிறீர்கள் என்றால், மத்தியச் சட்டப்படி நீங்கள் எந்தச் சோதனையும் செய்ய வேண்டியதில்லை, பெயரைக்கூட எழுதி வைக்க வேண்டியதில்லை. அவருக்குத் துப்பாக்கி வைத்திருக்கத் தடை இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால், அல்லது அப்படிச் சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால் விற்கக் கூடாது, அவ்வளவுதான். கேட்டால்தானே தெரியும், கேட்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை.

இப்போது லைசென்ஸ் போன கடைக்காரரிடம் திரும்பி வருவோம். விதியை மீறினார், அதனால் லைசென்ஸைப் பறித்தார்கள். பறித்ததும் அவர் சட்டத்தின் கண்ணில் அந்தப் பக்கத்து வீட்டுக்காரரைப் போல ஒரு சாதாரண ஆள் ஆகிவிடுகிறார். உரிமையோடு சேர்ந்து கடமையும் கழன்றுவிடுகிறது. நேற்று வரை 4473 படிவம் இல்லாமல் எந்தத் துப்பாக்கியைக் கொடுக்கக் கூடாதோ, அதே துப்பாக்கியை ‘இது என் சொந்தச் சேகரிப்பு’ என்று சொல்லி இன்று யாரென்று பார்க்காமலே கொடுக்கலாம் என்ற நிலை. ஒரு மருந்துக் கடைக்காரர் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை விற்றார் என்பதற்காக அவர் லைசென்ஸை ரத்து செய்துவிட்டு, மிச்சமிருக்கும் மாத்திரைகளை வீட்டுத் திண்ணையில் வைத்துச் சீட்டே கேட்காமல் விற்கலாம் என்று விட்டால் எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட அதேதான் இது.

சட்டம் எழுதியவர்கள் இதை அறவே யோசிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. லைசென்ஸ் வைத்திருக்கும் ஒருவர் கடைச் சரக்கிலிருந்து ஒரு துப்பாக்கியைச் சொந்தச் சேகரிப்புக்கு மாற்றினால், ஒரு வருடம் கழியும் முன் அதை விற்கும்போது அது கடைச் சரக்காகவே கருதப்படும் என்று ஒரு பிரிவு இருக்கிறது. விதிகளை ஏய்ப்பதற்காக என்றே மாற்றியிருந்தால் ஒரு வருடம் கழிந்தாலும் கடைச் சரக்குதான். நல்ல விதி. ஆனால் அந்த வாக்கியம் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ‘லைசென்ஸ் வைத்திருப்பவர்’ என்றே பேசுகிறது. லைசென்ஸ் போனவர் அந்தச் சொல்லுக்கு வெளியே நிற்கிறார், அவரை அது நேராகப் பிடிக்கவில்லை. ஒரே வழி, அவர் லைசென்ஸ் இல்லாமல் ‘தொழிலாக’ விற்கிறார் என்று வழக்குப் போடுவது. தொழில் என்றால் என்ன என்பது நீண்ட காலம் கொழகொழவென்று இருந்ததால், ‘நான் தொழில் செய்யவில்லை, என்னிடம் இருப்பதை அவ்வப்போது விற்கிறேன்’ என்று சொல்லிவிட்டால் மறுத்து நிரூபிப்பது சுலபமாக இல்லை.

சரி, லைசென்ஸ் அவ்வளவு சுலபமாகப் போய்விடுமா? போகாது. எழுத்துப் பிழைக்காக யாருடைய லைசென்ஸும் போய்விடாது, தெரிந்தே மீறினார் என்று அரசு காட்டியாக வேண்டும். வருடத்துக்கு ஒருமுறைக்கு மேல் வழக்கமான சோதனைக்கு வரக் கூடாது என்று 1986-ஆம் வருடச் சட்டமே சொல்கிறது, ஆனால் ஒருமுறை வருவதே அபூர்வம்: 2007 முதல் 2012 வரை கணக்கெடுத்துப் பார்த்தபோது பாதிக்கும் மேற்பட்ட கடைகளுக்கு ஐந்து வருடமாக ஒரு ஆய்வாளரும் போகவில்லை என்று ஏடிஎஃப்பை மேற்பார்க்கும் நீதி அமைச்சகத்தின் சொந்தத் தணிக்கையே சொன்னது. வந்தவர்கள் பதிவேட்டையும் அலமாரியையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பதிவேட்டில் வந்த கணக்கு இருக்கும், விற்ற கணக்கு இருக்காது, துப்பாக்கியும் இருக்காது. வழக்கமாக முதலில் எச்சரிக்கைக் கடிதம், பிறகு நேரில் கூப்பிட்டுப் பேச்சு, கடைசியில்தான் ரத்து அறிவிப்பு. அதற்குப் பிறகு கடைக்காரர் விசாரணை கேட்கலாம், அதில் தோற்றால் 60 நாளுக்குள் மத்திய நீதிமன்றத்துக்குப் போகலாம். இதற்கெல்லாம் மாதங்கள், சில சமயம் வருடங்கள் ஆகும். ஆக, லைசென்ஸ் போகப்போகிறது என்பது அவருக்கு நன்றாக முன்கூட்டியே தெரியும், சரக்கை என்ன செய்வது என்று யோசிக்க வேண்டிய நேரம் இருக்கும். 2021-இல் பைடன் அரசு கடுமையைக் கூட்டிய பிறகு 2022-இல் சுமார் 90, 2023-இல் சுமார் 170 லைசென்ஸ்கள் ரத்தாயின, அதுவே அங்கே பெரிய எண்ணிக்கையாகப் பேசப்பட்டது.

எண்ணிக்கை சின்னதாக இருந்தால் ஏன் இவ்வளவு கவலை என்று கேட்கலாம். லைசென்ஸ் இழக்கிற கடைகள் சாதாரணக் கடைகள் இல்லை என்பதுதான் பதில். வாஷிங்டன் மாநிலத்தில் டக்கோமா ஊரில் புல்ஸ் ஐ என்று ஒரு கடை இருந்தது. 2002 அக்டோபரில் தலைநகர் வாஷிங்டனைச் சுற்றி மூன்று வாரம் ஒளிந்திருந்து ஆட்களைச் சுட்டார்களே, பெட்ரோல் போட நின்றவர், புல் வெட்டிக்கொண்டிருந்தவர் என்று 10 பேர் செத்தார்களே, அந்தத் துப்பாக்கி இந்தக் கடையிலிருந்து வந்தது. சுட்ட இருவரில் ஒருவன் 17 வயதுப் பையன், கடையிலிருந்து திருடியதாகச் சொன்னான். திருடுபோனது கடைக்கே தெரியாது, அதிகாரிகள் போய்க் கேட்ட பிறகு தேடினால் அந்த ஒன்று மட்டுமில்லை, 200-க்கும் மேற்பட்ட துப்பாக்கிகளுக்குக் கணக்கு இல்லை. 2003-இல் லைசென்ஸ் போனது. கடை மூடவில்லை. உரிமையாளரின் நண்பர் ஒருவர் பெயரில் புது லைசென்ஸோடு அதே இடத்தில் தொடர்ந்தது. பாதிக்கப்பட்ட குடும்பங்கள் போட்ட வழக்கில் கடையும் துப்பாக்கி செய்த நிறுவனமும் சேர்ந்து 2004-இல் 25 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது வேறு கதை.

இது ஃபயர் சேல் ஓட்டை இல்லை, அதன் அண்ணன் மாதிரி. சரக்கும் இடமும் அப்படியே இருக்க, பெயர்ப் பலகைக்குப் பின்னால் இருக்கும் ஆள் மட்டும் மாறுகிறார். மில்வாக்கி பக்கத்தில் பேட்ஜர் என்ற கடையில் இதுவே நடந்தது. பின்னால் குற்றங்களில் சிக்கிய துப்பாக்கிகளை நாட்டிலேயே அதிகமாக விற்ற கடை என்று 2005-இல் பெயர் வாங்கிய இடம். ஒரே வருடத்தில் போலீசார் கைப்பற்றிய 537 துப்பாக்கிகளின் தடம் அங்கே போய் முடிந்தது. ஆய்வாளர்கள் 2006-இல் லைசென்ஸை ரத்து செய்யப் பரிந்துரைத்தார்கள். ரத்து நடக்கவில்லை; 2007-இல் கடை குடும்பத்துக்குள்ளேயே அடுத்த கைக்கு மாறி, புது லைசென்ஸ், புதுப் பெயர், பழைய மீறல் எதுவும் ஒட்டாத வெள்ளைத் தாள். 2009-இல் அங்கே ஒருவர் படிவத்தில் தனக்கு என்று எழுதி 18 வயதுப் பையனுக்காக வாங்கிக் கொடுத்த துப்பாக்கியால் இரண்டு போலீஸ்காரர்கள் முகத்தில் சுடப்பட்டார்கள், இருவரும் உயிர் பிழைத்தார்கள். 2015-இல் நடுவர் குழு அவர்களுக்கு ஏறக்குறைய 60 லட்சம் டாலர் தரச் சொன்னது. முன்பே ஒருமுறை பிடித்த கை வழுக்காமல் இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

சொந்தச் சேகரிப்பு என்ற ஓட்டைக்கு நேரான உதாரணம் என்றால் எல்லோரும் பால்டிமோரில் இருந்த வேலி கன் கடையைச் சொல்வார்கள். 900-க்கும் மேற்பட்ட விதிமீறல்கள். ரத்து செய்தது சரிதான் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2006-இல் உறுதி செய்தது. அப்போது கடையில் மிஞ்சியிருந்த நூற்றுக்கணக்கான துப்பாக்கிகள் உரிமையாளரின் சொந்தச் சேகரிப்புக்கு மாறின என்று செய்திகள் வந்தன. துப்பாக்கிக் கட்டுப்பாடு வேண்டும் என்று போராடுகிறவர்கள் இந்த ஓட்டையை எல்லோரும் பேசும் விஷயமாக்கியது ஏறக்குறைய அதற்குப் பிறகுதான்.

அடைப்பதற்கு வழி கஷ்டமானதில்லை. நியூயார்க்கைச் சேர்ந்த கேரி ஆக்கர்மன் என்ற உறுப்பினர் பிரதிநிதிகள் சபையில் இதற்கென்றே ஒரு மசோதா கொண்டுவந்தார், அவருக்குப் பின் அதே மாநிலத்தின் கிரேஸ் மெங் மறுபடி கொண்டுவந்தார். சாரம் எளிது: லைசென்ஸ் போனவர் கடைச் சரக்கைச் சொந்தச் சேகரிப்பாக மாற்றி விற்கக் கூடாது. மசோதா எதுவும் சட்டமாகவில்லை. 2022 ஜூனில், டெக்சாஸில் யுவால்டி பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியர்களும் கொல்லப்பட்ட ஒரு மாதத்தில், இரு கட்சிகளும் சேர்ந்து ஒரு சட்டம் நிறைவேற்றினார்கள். அது தொழில் என்பதன் விளக்கத்தில் ஒரு சின்ன மாற்றம் செய்தது: முன்பு பிழைப்புக்கும் லாபத்துக்கும் என்று இருந்ததைப் பிரதானமாக லாபத்துக்கு என்று மாற்றியது. அதை வைத்து ஏடிஎஃப் 2024 ஏப்ரலில் நீண்ட விதி ஒன்றை வெளியிட்டது, மே 20 முதல் அமல் என்றது.

அந்த விதியில் நம் விஷயத்துக்கு நேரான பகுதி, ‘முன்னாள் லைசென்ஸ்தாரரின் இருப்பு’ என்று ஒரு புது வகையை உண்டாக்கியது. லைசென்ஸ் முடிந்த நாளில் கடையில் இருந்த சரக்குக்கு அந்தப் பெயர். சொந்தச் சேகரிப்பு வேறு, இது வேறு, ஏனென்றால் இதை அவர் வாங்கியதே லாபத்துக்கு விற்கத்தான். 30 நாளுக்குள் அதை லைசென்ஸ் உள்ள வேறு வியாபாரியிடம் விற்றுவிடலாம், அல்லது ஏலத்துக்கோ விற்பனைக்கோ அவரிடம் ஒப்படைக்கலாம். தன்னிடமே வைத்துக்கொள்ளவும் செய்யலாம், ஆனால் பின்னால் அதிலிருந்து எடுத்துப் பொதுமக்களுக்கு விற்றால் சிவில், நிர்வாக நடவடிக்கைகளில் லைசென்ஸ் இல்லாமல் தொழில் செய்கிறார் என்று முதலிலேயே அனுமானிக்கப்படும், இல்லை என்று காட்டுவது அவர் பொறுப்பு. எனக்கு இந்த விதியில் பிடித்தது இந்த இடம்தான்: எவருடைய சொத்தையும் பறிக்கவில்லை, விற்பனையையும் தடுக்கவில்லை, விற்கும் பாதையை மட்டும் இன்னொரு கடையின் மேசை வழியாகத் திருப்புகிறது. அந்த மேசையில் 4473 இருக்கிறது, போன் இருக்கிறது, பதிவேடு இருக்கிறது.

எதிர்ப்பவர்கள் சொல்வதில் ஒரு நியாயமான பயம் உண்டு. சின்ன ஊரில் தனி ஆளாகக் கடை நடத்துகிறவர், சேமிப்பு முழுவதையும் சரக்கில் போட்டிருப்பார், அவசரமாக இன்னொரு வியாபாரியிடம் கொடுத்தால் பாதி விலைதான் கிடைக்கும். உண்மைதான். ஆனால் அவகாசத்தை நீட்டிக்கக் கேட்க விதியிலேயே இடம் இருந்தது. தவிர, சரக்கு அவர் சொத்தாகவே இருக்க, இன்னொரு கடை கமிஷனுக்கு விற்றுக் கொடுப்பது அந்தத் தொழிலில் சகஜம். கொஞ்சம் கமிஷன் போவதற்கும், கணக்குத் தெரியாமல் கைகள் மாறுவதற்கும் நடுவில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

விதி முழுதாக நிலைக்கவில்லை. டெக்சாஸும் வேறு சில மாநிலங்களும் வழக்குப் போட, அங்கிருக்கும் மத்திய நீதிபதி அவர்களுக்கு எதிராக அதை அமல்படுத்தக் கூடாது என்று 2024-இலேயே நிறுத்தி வைத்தார். 2025 பிப்ரவரியில் டிரம்ப் துப்பாக்கி விதிகளையெல்லாம் மறுபார்வை செய்ய உத்தரவிட்டார். ஏப்ரலில் பைடன் காலத்துக் கடும் ரத்துக் கொள்கையை விலக்கிக்கொள்வதாகவும், தொழில் பற்றிய இந்த விதியை மறுபடி பார்ப்பதாகவும் அறிவிப்பு வந்தது. மத்திய விதி என்பது இப்படி ஆட்சிக்கு ஆட்சி மாறக்கூடியது. காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், சட்டமாக எழுதினால்தான் கொஞ்சம் உறுதி. கலிபோர்னியா, நியூயார்க், கொலராடோ மாதிரி தனியார் விற்பனைக்கும் சோதனையைக் கட்டாயமாக்கிய மாநிலங்களில் இந்த ஓட்டை பெரும்பாலும் தானாகவே அடைந்துவிடுகிறது, ஏனென்றால் அங்கே பக்கத்து வீட்டுக்காரருக்கு விற்றாலும் கடை வழியாகத்தான் போக வேண்டும்.

கடைசியாக ஒரு விஷயம், பலருக்குத் தெரியாதது. மேற்கு வர்ஜீனியாவில் மார்ட்டின்ஸ்பர்க் என்ற ஊரில் ஏடிஎஃப்பின் தேசியத் தடம் தேடும் மையம் இருக்கிறது. நிரந்தரமாக மூடிய கடைகள் 30 நாளுக்குள் தங்கள் பதிவேடுகளையும் படிவங்களையும் அங்கே அனுப்ப வேண்டும். பெட்டி பெட்டியாக வந்து குவிகிறது, கையால் எழுதியவை, தண்ணீரில் நனைந்தவை என்று. எடை தாங்காமல் தரை அமுங்கிவிடும் என்று பயந்து வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் கப்பல் கண்டெய்னர்களை நிறுத்தி அதில் அடுக்கினார்கள். ஸ்கேன் செய்யலாம், ஆனால் பெயரைப் போட்டுத் தேடும்படி வைத்திருக்கச் சட்டம் அனுமதிக்கவில்லை, அதனால் ஊழியர்கள் பக்கம் பக்கமாகக் கண்ணால் பார்த்துத்தான் தேடுகிறார்கள்.

ஒரு கொலை நடந்த இடத்தில் துப்பாக்கி கிடைக்கிறது. போலீஸ் அதன் சீரியல் எண்ணை மார்ட்டின்ஸ்பர்க்குக்கு அனுப்புகிறது. செய்த நிறுவனம், மொத்த வியாபாரி, கடை என்று ஒவ்வொருவராகக் கேட்டு வருகிறார்கள், கடை மூடியாயிற்று என்று தெரிந்ததும் அதன் பதிவேட்டை எடுத்துப் பக்கங்களைப் புரட்டுகிறார்கள், அந்த எண் இருக்கும் வரி கிடைக்கிறது. வலது பக்கத்தில் வாங்கியவர் பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் கடைக்காரர் தன் பெயரையே எழுதி, சொந்தச் சேகரிப்பு என்று குறித்திருக்கிறார். அவருக்குப் போன் போட்டுக் கேட்கலாம். விற்றுவிட்டேன், யாருக்கென்று ஞாபகம் இல்லை என்பார். எழுதி வைக்க வேண்டும் என்று அப்போது எந்த மத்தியச் சட்டமும் அவரிடம் சொல்லவில்லை.